கொல்கத்தாவில் மூன்று நாள்: எந்த வேளைக்கு எந்தக் கடை?

நீண்ட வார இறுதிக்குக் கொல்கத்தா போகிறவர்கள் கையில் எப்படியும் ஐம்பது கடைப் பெயர் சேர்ந்துவிடும். கூட வேலை பார்க்கும் வங்காளி நண்பர் பத்து சொல்வார், யூடியூப் இருபது சொல்லும், மிச்சத்தைக் கூகுள் மேப் சொல்லும். ஆனால் மூன்று நாளில் நன்றாகப் பசித்து, உட்கார்ந்து, ரசித்துச் சாப்பிடக் கிடைப்பது ஏழெட்டு வேளைதான். அதனால் "எது ரொம்ப நல்ல கடை?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் முடிவே எடுக்க முடியாது. எந்த வேளைக்கு எது என்று கேட்க வேண்டும்.

இந்த ஊரில் ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு நேரம் உண்டு. பைஸ் ஹோட்டல் எனும் பழைய மெஸ்களில் மதியம் ஒரு மணிக்குக் கிடைக்கும் மீன் இரவு ஒன்பதுக்குக் கிடைக்காது. டிரெட்டி பஜாரின் சீனக் காலை உணவு வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பார்க் ஸ்ட்ரீட்டின் பழைய ரெஸ்டாரன்ட்களுக்கு விளக்கு போட்ட பிறகுதான் களை வரும். ஆகவே முதலில் வேளை, அடுத்து பேட்டை, கடைசியாகத்தான் கடை. இந்த வரிசையில் யோசித்தால் ஐம்பது பெயர் தானாகப் பத்துக்கு இறங்கிவிடும்.

டிக்கெட் போடும் முன்பு

நமக்கு நீண்ட வார இறுதி அமைவது பெரும்பாலும் அரசு விடுமுறையை ஒட்டித்தான். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று நாளும் மது விற்பனைக்குத் தடை உள்ள நாட்கள். பழைய பார் ஒன்றில் ஒரு மாலை உட்கார வேண்டும் என்பது உங்கள் திட்டத்தில் இருந்தால், அந்த மாலை இந்தத் தேதிகளில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கு வங்கத்தில் மது அருந்த வயது 21 ஆகியிருக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதையும் மனதில் வையுங்கள்.

துர்கா பூஜை நாட்களில் ஊரே தெருவில் இருக்கும். பூஜையைப் பார்க்கப் போவது வேறு, அதற்கு ஈடாக இந்தியாவில் அதிகம் இல்லை. சாப்பிடவே போகிறீர்கள் என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். பெயர் பெற்ற எல்லாக் கடை வாசலிலும் நள்ளிரவு வரை வரிசை நிற்கும்.

பருவமும் சாப்பாட்டை மாற்றுகிறது. இலிஷ் என்று அவர்கள் கொண்டாடும் நம் உல்லம் மீனுக்கு மழைக்காலம்தான் காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை. நோலேன் குர் எனும் ஈச்ச வெல்லம் குளிர்காலத்தில் மட்டும் வரும். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் தேர்வு குளிர்காலம், அதிலும் பொங்கல் விடுமுறை. நாம் பொங்கல் வைக்கும் நேரத்தில் அங்கே பௌஷ் சங்கராந்தி. வீடுகளிலும் மிட்டாய்க் கடைகளிலும் புது அரிசி மாவில் பிட்டே செய்வார்கள். தேங்காயும் வெல்லமும் வைத்துச் சுருட்டிய பாட்டிஷாப்டா அதில் ஒன்று. கங்காசாகர் போகும் யாத்ரீகர் கூட்டத்தால் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் டிக்கெட்டை மட்டும் நேரத்தோடு போட்டுவிடுங்கள். நடந்து நடந்து சாப்பிட வேண்டிய ஊரில் வியர்க்காமல் நடப்பது பெரிய வசதி.

மதியம்: வங்காளச் சாப்பாடு எங்கே?

மற்ற வேளைகளில் கொஞ்சம் முன்பின்னாகப் போனாலும் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் வங்காளிகளுக்கு முழுச் சாப்பாடு என்பது மதியச் சோறுதான். உங்களிடம் இருப்பது மூன்று மதியம். அதில் இரண்டையாவது மீன் சோற்றுக்குக் கொடுங்கள்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று பைஸ் ஹோட்டல். வெளியூரிலிருந்து படிக்கவும் வேலைக்கும் வந்து தங்கியவர்களுக்காக, சில பைசாவுக்கு வீட்டுச் சாப்பாடு போட்ட மெஸ்கள் இவை. இன்றும் பல கடைகளில் அன்றைய கறிகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். சோறு, பருப்பு, பொரியல், மீன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக் கணக்கு வைக்கும் கடைகள் உண்டு. இன்னொரு வழி, ஏசி போட்ட வங்காள ரெஸ்டாரன்ட். பாலிகஞ்சில் பழைய பங்களா ஒன்றில் 2003 முதல் நடக்கும் '6 பாலிகஞ்ச் பிளேஸ்', எல்ஜின் ரோடு ஃபோரம் மாலில் இருக்கும் 'ஓ! கல்கத்தா', பல கிளைகள் வைத்திருக்கும் 'போஜோஹோரி மன்னா' ஆகியவை இந்த வகை.

முதல் முறை போகிறவர்கள் ரெஸ்டாரன்ட்டில் தொடங்குவது நல்லது என்று பலர் சொல்வார்கள். நான் பைஸ் ஹோட்டலைத்தான் முதலில் சொல்வேன். அங்கே மீன் அன்று காலையில் சந்தையில் என்ன கிடைத்ததோ அது. குழம்பு மெல்லிசாக, எண்ணெய் மிதக்காமல், கையில் பிசைந்து சாப்பிடத் தோதாக இருக்கும். ரெஸ்டாரன்ட்காரர்கள் கல்யாண வீட்டுச் சமையலை எடுத்துச் செழிப்பாகச் செய்கிறார்கள். அது சுவையானதுதான், ஆனால் ஒரு வங்காளி செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிடுகிறார் என்பது அதில் தெரியாது. விலையிலும் பெரிய வித்தியாசம். பைஸ் ஹோட்டலில் ஒருவர் நிறைவாக மீன் சாப்பிட்டாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

எந்தப் பைஸ் ஹோட்டல் என்பதை அன்று எந்தப் பக்கம் சுற்றுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கல்லூரிச் சாலைப் பக்கம், அதாவது காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளைப் பார்க்கும் நாளில், பவானி தத்தா சந்தில் இருக்கும் 'சுவாதீன் பாரத் இந்து ஹோட்டல்'. பக்கத்திலேயே பிரசிடென்சி கல்லூரி. அங்கே மாணவராக இருந்த காலத்தில் சுபாஷ் சந்திர போஸ் இங்கே சாப்பிட்டார் என்று கடைக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். நியூ மார்க்கெட் பக்கம் இருந்தால் ஜான்பஜார் அருகே 'சித்தேஸ்வரி ஆசிரம்'. காரம் குறைந்த, காய் போட்ட கோபிராஜி ஜோல் எனும் மீன் குழம்புக்கு அது பேர் போனது. முந்தின இரவு பார்க் ஸ்ட்ரீட்டில் வெண்ணெயும் சீஸுமாகச் சாப்பிட்ட வயிற்றுக்கு அந்தக் குழம்பு மருந்து. தெற்கே காளிகட் கோயிலுக்குப் போகும் நாளில் ராஷ்பிகாரி அவென்யூவில் 1915-இலிருந்து நடக்கும் 'தருண் நிகேதன்'. இது இருக்கும் லேக் மார்க்கெட் வட்டாரம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் இடம். 'கோமளா விலாஸ்', 'ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம்', 'பனானா லீஃப்' எல்லாம் அங்கேதான். கூட வந்த பெரியவர்களுக்கு ஒரு வேளையாவது சாம்பார் இருந்தால்தான் ஆகும் என்றால், அவர்களை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் மீன் சோறு சாப்பிட்டு வரலாம்.

எங்கே போனாலும் ஒரு மணிக்குள் போய்விடுங்கள். இரண்டு மணிக்கு மேல் நல்ல மீன் துண்டுகள் தீர்ந்துபோய், கரும்பலகையில் பாதி அழிந்திருக்கும்.

சாப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நமக்குச் சாம்பார், ரசம், மோர் என்று ஒரு வரிசை இருப்பதுபோல அவர்களுக்கும் வரிசை உண்டு. கசப்பில் தொடங்கும், பாகற்காய் சேர்ந்த சுக்தோ. அடுத்து பருப்பும் பொரித்த கத்தரிக்காயும். பிறகு காய்கறி, மீன், கறி. முடிவில் தக்காளியோ மாங்காயோ போட்ட இனிப்புச் சட்னி, அப்பளம், தயிர் இனிப்பு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கிக் கலந்து சாப்பிட்டால் சுக்தோவின் மென்மையும் கடுகு அரைத்த மீனின் காட்டமும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். கடுகெண்ணெய் வாடை பழகாதவர்களுக்கு முதல் நாள் மூக்கில் ஏறும். இரண்டாம் நாள் அது இல்லாமல் மீனா என்று கேட்கத் தோன்றும்.

பிறகு ரெஸ்டாரன்ட் யாருக்கு? முள் எடுத்துச் சாப்பிடத் தெரியாத பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு. உல்லத்தில் மெல்லிய முள் ஏராளம். 'ஓ! கல்கத்தா' முள் நீக்கி, புகையில் சமைத்துக் கொடுக்கும் இலிஷுக்குப் பெயர் பெற்றது. '6 பாலிகஞ்ச் பிளேஸ்' போனால் பேட்கி பாத்தூரி கேளுங்கள்; கொடுவா மீன் துண்டில் கடுகு விழுதைப் பூசி, வாழை இலையில் கட்டி வேக வைத்தது. ஒரு மணிக்குப் பைஸ் ஹோட்டலுக்குப் போய்ச் சேர முடியாத நாளுக்கும் இவைதான் சரி. இரவில் வங்காளச் சாப்பாடு வேண்டுமென்றாலும் இவைதான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஏமாற வேண்டியதில்லை, ஆனால் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். 'நிராமிஷ்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பருப்பில் மீன் தலை போடுவதும், சுரைக்காயில் இறால் போடுவதும் அங்கே வழக்கம், பார்த்தால் தெரியாது. கடலைப் பருப்பை அரைத்துத் துண்டு போட்டு வறுத்துக் குழம்பில் இட்ட தோகார் தால்னா, கசகசா அரைத்த ஆலு போஸ்தோ, வாழைப்பூவில் செய்யும் மோச்சார் கொண்ட்டோ மூன்றும் கிடைத்தால் விடாதீர்கள். வெங்காயம் பூண்டு இல்லாமல் அந்த மாதிரி ருசி வரும் என்பதை வாழைப்பூ வடை ஊரில் இருந்து போகும் நாம் உடனே ஒப்புக்கொள்வோம்.

மூன்றாவது மதியம்: பிரியாணி

1856-இல் ஆங்கிலேயர்கள் அவத் நாட்டைப் பறித்துக்கொண்ட பிறகு நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்து மெட்டியாப்ருஸில் தங்கினார். 1887-இல் இறக்கும் வரை அங்கேதான். அவரோடு வந்த சமையல்காரர்களின் கைதான் இன்றைய கொல்கத்தா பிரியாணி. காரம் குறைவு, வாசனை அதிகம், நடுவில் ஒரு பெரிய உருளைக்கிழங்கு. கறி வாங்கக் காசு இல்லாததால் கிழங்கு போட்டார்கள் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். நவாபின் வழிவந்தவர்கள் அதை மறுக்கிறார்கள். அன்று உருளைக்கிழங்கு புதுமையான பொருள், ருசிக்காகவே சேர்த்தார்கள் என்பது அவர்கள் தரப்பு. நெய்யும் கறிச் சாறும் இறங்கிய அந்தக் கிழங்கைச் சாப்பிட்டுப் பார்த்தால் எனக்கு அவர்கள் தரப்புதான் நம்பும்படி இருக்கிறது.

பார்க் சர்க்கஸில் 'அர்சலான்', சித்பூரில் 'ராயல் இந்தியன் ஹோட்டல்' இரண்டுக்கும் இடையில்தான் பெரும்பாலும் குழப்பம் வரும். அர்சலான் எனில் கிழங்கு, பெரிய கறித் துண்டு, குடும்பத்தோடு உட்கார வசதி, எப்போதும் கூட்டம். ராயல் 1905-இல் தொடங்கியது. அவர்கள் பிரியாணியில் வழக்கமாகக் கிழங்கு கிடையாது. லக்னோ பாணிக்கு நெருக்கமாக இருக்கும். அதோடு ஆட்டுக்கறி சாப்பும் ரூமாலி ரொட்டியும் வாங்க வேண்டும். முதல் பயணம் என்றால் அர்சலான், கிழங்குக்காகவே. நகோடா மசூதி பக்கம் சுற்றும் நாள் என்றால் ராயல். ரமலான் மாதத்தில் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. மசூதியை ஒட்டிய சக்காரியா தெருவுக்கு மாலையில் போங்கள், ஹலீமும் கபாபும் தெரு முழுக்க இருக்கும்.

திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணிக் காரத்தை எதிர்பார்த்துப் போனால் முதல் கவளம் சப்பென்று தோன்றும். ஊறுகாய் கேட்காமல் நாலைந்து கவளம் பொறுத்துப் பாருங்கள்.

இரவு: பார்க் ஸ்ட்ரீட்

இன்று அன்னை தெரசா சரணி என்று பெயர் மாறினாலும் எல்லோரும் பார்க் ஸ்ட்ரீட் என்றே சொல்கிறார்கள். 1950களிலும் 60களிலும் ஒவ்வொரு ரெஸ்டாரன்ட்டிலும் பாட்டுக் குழு இருந்த தெரு. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் மேசையிலேயே பீர், விஸ்கி பரிமாறுவது இங்கே சாதாரணம். பெண்கள் தனியாக வந்து உட்கார்ந்து குடித்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டாஸ்மாக் பார்களை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு நிம்மதி. அதனால் இந்தத் தெருவில் ரெஸ்டாரன்ட் தனி, பார் தனி என்று திட்டம் போட வேண்டியதில்லை.

'பீட்டர் கேட்', 'மொகாம்போ', 'டிரிங்காஸ்' மூன்றில் எது?

பீட்டர் கேட் 1975-இல் வந்தது. எல்லோரும் அங்கே போவது செலோ கபாபுக்காக: வெண்ணெய் போட்ட சோறு, முட்டை, ஆட்டுக்கறி, கோழிக் கபாப்கள். நல்ல தட்டுதான். ஆனால் வார இறுதி இரவில் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் மூன்று நாள் மட்டுமே கையில் இருக்கிறவர்கள் அதில் ஒரு மணி நேரத்தைக் கொடுக்க வேண்டாம் என்பேன். போயே ஆக வேண்டுமென்றால் கடை திறக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள்.

மொகாம்போ அதே குடும்பத்தாருடையது, 1956-இல் தொடங்கியது. சிவப்பு இருக்கைகள், மேசைக்கு மேல் தொங்கும் விளக்குகள், நெடுநாளாக மாறாத மெனு. ஓட்டிலேயே வைத்து பேக் செய்த டெவில்ட் கிராப், இறால் வைத்து மடித்த பேட்கி, முடிவில் பேக்ட் அலாஸ்கா. ஐரோப்பிய சமையல் என்று சொன்னாலும் இது ஐரோப்பாவில் இல்லாத சமையல். கல்கத்தா தன் நாக்குக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொண்டது. வேறெந்த ஊரிலும் இது இப்படிக் கிடைக்காது. ஆகவே பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரே ஒரு இரவு என்றால் என் ஓட்டு மொகாம்போவுக்கு.

டிரிங்காஸை உணவுக்காக அல்ல, பாட்டுக்காகத் தேர்ந்தெடுங்கள். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் புடவை கட்டிக்கொண்டு மேடையேறிய உஷா உதுப், 1969-இல் இங்கே பாட வந்தார். அப்புறம் கொல்கத்தாவே அவர் ஊராகிவிட்டது. அந்த அறையில் இன்றும் நேரடி இசை உண்டு. இரவுச் சாப்பாட்டை மொகாம்போவில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்பு டிரிங்காஸில் ஒரு பானமும் கொஞ்சம் பாட்டும் என்று சேர்த்துக்கொண்டால் இரண்டும் நிறைவாக அமையும். நடக்கும் தூரம்தான்.

குடிக்க மட்டும் ஒரு மாலை

கணேஷ் சந்திர அவென்யூவில் இருக்கும் 'பிராட்வே' ஹோட்டலின் பார், 1937-இலிருந்து இருக்கிறது. உயரமான கூரை, சுற்றும் மின்விசிறி, பெரிய ஜன்னல்கள், மர மேசைகள். பாட்டுச் சத்தம் காதைப் பிளக்காது. அலுவலகம் முடிந்து வந்தவர்கள் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார்கள். விலையும் கையைக் கடிக்காது. அந்தி சாயும் நேரத்தில், வெளிச்சம் முழுவதும் போவதற்கு முன் போய் உட்காருங்கள்.

பார்க் ஸ்ட்ரீட்டின் 'ஓலி பப்' இதற்கு நேர் எதிர். சத்தம், நெரிசல், மாணவர்கள், பத்திரிகையாளர்கள், மாட்டிறைச்சி ஸ்டீக். நாலைந்து நண்பர்களாகப் போகிறவர்களுக்கு ஓலி, இரண்டு பேராகப் பேசப் போகிறவர்களுக்கு பிராட்வே. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

குளிர்காலம் என்றால் இன்னொரு வாய்ப்பு, சடர் ஸ்ட்ரீட்டில் 'ஃபேர்லான்' ஹோட்டலின் முற்றம். செடிகொடிகளுக்கு நடுவே, திறந்த வெளியில் பீர். ஜனவரி மாலைக்கு அது அருமை. மே மாதப் புழுக்கத்தில் அங்கே உட்கார முடியாது.

காமாக் ஸ்ட்ரீட் பக்கம் புதிய லவுஞ்சுகளும் மொட்டைமாடி பார்களும் நிறைய வந்திருக்கின்றன. காக்டெயில் தரமாக இருக்கும், நள்ளிரவு வரை ஆடலாம். ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பதுதான் அங்கேயும். மூன்று இரவில் ஒன்றை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சீனச் சாப்பாடு: டாங்ராவா, டிரெட்டி பஜாரா?

இந்தியாவில் சீனர்கள் பெருவாரியாகக் குடியேறிய ஊர் இது. நம் தெருவோர வண்டிகளில் கோபி மஞ்சூரியன் ஆகிப்போன அந்த உணவின் தொடக்கமான சிக்கன் மஞ்சூரியனை 1970களில் மும்பையில் உருவாக்கியவர் என்று பெயர் பெற்ற நெல்சன் வாங், கொல்கத்தாவில் வளர்ந்த சீனர்தான். ஹக்கா எனும் சீனப் பிரிவினர் தோல் பதனிடும் தொழில் நடத்திய பகுதி டாங்ரா. 1990களில் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் பதனிடும் ஆலைகள் பந்தாலாவுக்கு நகர்ந்தன, டாங்ராவில் ரெஸ்டாரன்ட்கள் நிலைத்தன. 1962 போருக்குப் பிறகு சீனக் குடும்பங்கள் பல ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைக்கப்பட்டன. பலர் ஊரையே விட்டுப் போனார்கள். இப்போது மிஞ்சியிருப்பது சில ஆயிரம் பேர்தான் என்பதை அறிந்து போய்ச் சாப்பிடுங்கள்.

டாங்ரா ரெஸ்டாரன்ட்களில் பெரிய தட்டு, பெரிய கூட்டம், நன்றாக வறுத்த மிளகாய்க் கோழி. எட்டுப் பேர் சேர்ந்து போனால் சுவாரசியம். ஆனால் நகர மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது, போக வர ஒரு மாலையே போய்விடும். சிறு குழுவுக்கு நான் சொல்வது கணேஷ் சந்திர அவென்யூவில் பெட்ரோல் பங்கை ஒட்டி மாடியில் இருக்கும் 'ஓ சியூ'. ஒரே குடும்பம் தலைமுறைகளாக நடத்துகிறது. நடுவில் கரி போட்ட புகைபோக்கி வைத்த பாத்திரத்தில் கொதித்துக்கொண்டே வரும் சிம்னி சூப் அவர்கள் அடையாளம். பிராட்வேயும் இதே தெருவில்தான். அங்கே ஒரு பீர், இங்கே இரவுச் சாப்பாடு, இரண்டும் சாந்தினி சவுக் மெட்ரோவிலிருந்து நடை தூரம். முதல் நாள் மாலைக்கு இதைவிட எளிதான திட்டம் எனக்குத் தெரியாது.

டிரெட்டி பஜார் காலைச் சந்தைக்கு ஞாயிறு விடிந்ததும் போக வேண்டும். மீன் உருண்டை சூப், ஆவியில் வெந்த பன், பன்றி இறைச்சி சாசேஜ். எட்டு மணிக்கெல்லாம் கடைகள் மடங்கத் தொடங்கும். சீனர்கள் நடத்தும் கடைகள் முன்பைவிடக் குறைந்துவிட்டன, பழைய வர்ணனைகளை நம்பிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் தூங்கலாம்.

காலையும் மாலைச் சிற்றுண்டியும்

காலைக்கு 'ஃப்ளூரிஸ்' போவதா, தெருக் கச்சோரியா? 1927-இல் சுவிஸ் தம்பதி தொடங்கிய ஃப்ளூரிஸின் பெரிய கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் உட்காருவது இனிமைதான். ஆனால் முட்டையும் டோஸ்ட்டும் எங்கும் கிடைக்கும். சூடான கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும் ஜிலேபியும் காலையில் மட்டும் கிடைக்கும். எனவே காலைக்குக் கச்சோரி. ஃப்ளூரிஸில் மாலை நான்கு மணிக்குக் கேக்கும் டீயும் போதும்.

காலேஜ் ஸ்ட்ரீட்டைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆல்பர்ட் ஹாலில் இருக்கும் காபி ஹவுஸுக்கு அந்த இரைச்சலுக்காகப் போக வேண்டும், காபிக்காக அல்ல. கும்பகோணம் டிகிரி காபி பழகிய நாக்குக்கு அது எடுபடாது. 1918-இலிருந்து இருக்கும் 'பாரமவுன்ட்' சர்பத் கடையை மட்டும் தவறவிடாதீர்கள். இளநீரும் வழுக்கையும் சேர்ந்த டாப் சர்பத்தின் செய்முறையை விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் சொல்லிக் கொடுத்தார் என்பது கடை வரலாறு. டேக்ரஸ் லேனின் கோழி ஸ்டூ, டோஸ்ட் இதற்கு நேர்மாறாக அலுவலக நாள் மதியத்துக்கானது. வெள்ளி அல்லது திங்கள் கையில் இருந்தால் போங்கள்.

ரோலுக்குத் தனி வேளை ஒதுக்க வேண்டாம். 1932-இல் தொடங்கிய 'நிஜாம்'ஸில்தான் பரோட்டாவில் கபாபைச் சுருட்டித் தரும் கத்தி ரோல் பிறந்தது, நியூ மார்க்கெட் போகும்போது ஒன்று வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். முழு ரோலும் தின்றால் இரவுச் சாப்பாடு கெட்டுப்போகும். நம் பானிபூரி போன்ற புச்காவுக்குக் கடைப் பெயரே தேவையில்லை. வங்காளிப் பெண்கள் கூட்டமாக நிற்கும் கூடைக்காரரிடம் போய் நின்றுவிடுங்கள்.

தங்குமிடம், கடைசி நாள்

இரவுகள் பார்க் ஸ்ட்ரீட், கணேஷ் சந்திர அவென்யூ என்று மையத்திலேயே அமைவதால் சடர் ஸ்ட்ரீட், பார்க் ஸ்ட்ரீட் சுற்றுவட்டத்தில் தங்குவதுதான் தோது. குடித்துவிட்டு நடந்தே அறைக்கு வந்துவிடலாம். வடக்கே ஷியாம்பஜார், தெற்கே காளிகட் இரண்டுக்கும் ஒரே மெட்ரோ வழி. சிறு பிள்ளைகளோடு, பாருக்குப் போகும் எண்ணம் இல்லாமல் வருகிறவர்கள் மட்டும் கரியாஹாட் பக்கம் தங்கலாம், அங்கே அமைதி அதிகம்.

கடைசி நாள் காலையை மிட்டாய்க்கு வையுங்கள். ரசகுல்லாவை அங்கேயே நின்று சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள், ஊருக்கு எடுத்து வர வேண்டுமென்றால் 'கே.சி. தாஸ்' டின் போதும். எடுத்து வரத் தகுந்தது, பாலைத் திரித்துச் செய்யும் சந்தேஷ்தான். வடக்கே 1844-இல் தொடங்கிய 'கிரீஷ் சந்திர தே - நகுர் சந்திர நந்தி', தெற்கே பவானிபூரில் 1885-இல் தொடங்கிய 'பலராம் மல்லிக்' இரண்டில் எது விமான நிலையத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ போகும் வழியில் வருகிறதோ அங்கே வாங்குங்கள். தரத்தில் குறை சொல்ல இரண்டிலும் ஒன்றுமில்லை. குளிர்காலம் என்றால் நோலேன் குர் சந்தேஷ் மட்டும். விமானத்தில் திரும்புகிறவர்கள் 'நோரோம் பாக்' எனும் மென்மையானதை வாங்கி அன்று இரவே வீட்டில் பிரிக்கலாம். ஷாலிமாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறி ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து சென்னை சென்ட்ரல் வருகிறவர்கள் 'கோரா பாக்' எனும் இறுகலானதைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் கெடாமல் வரும்.